ஆள் இல்லாத டியூட்டியை யார் பார்ப்பது?

கேள்வி:

வணக்கம் மேடம். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். வீடு கடலூரில், தினமும் போய் வருகிறேன். வார்டில் 30 படுக்கை. காலை 3 பேர், மதியம் 2 பேர், இரவு 2 பேர் என்று டியூட்டி போட வேண்டும். என்னைச் சேர்க்காமல் 10 ஸ்டாஃப் இருந்த இடத்தில் இப்போது 7 பேர்தான். புதிதாக வரும் பிள்ளைகள் ஆறு மாதத்தில் வெளிநாட்டு வேலைக்காக ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு, ஜெர்மன் மொழி என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆள் வராத நாளில் நானே டபுள் டியூட்டி பார்க்கிறேன், நைட்டும் பார்க்கிறேன். ஃபெஞ்சல் புயலன்று காலையில் வந்தவள் மறுநாள் சாயங்காலம் வரை வார்டிலேயே இருந்தேன். அப்புறம் ரவுண்ட்ஸ் வந்த என்.எஸ். (நர்சிங் சூப்பரின்டென்டென்ட்) கேட்ட முதல் கேள்வி, “யூனிஃபார்ம் ஏன் இப்படிக் கசங்கியிருக்கு?” முன்பெல்லாம் வார்டில் எல்லோர் பெயரும் தெரியும். இப்போது 14-ம் பெட், 22-ம் பெட் அவ்வளவுதான். போன மாதம் ஒரு ஜூனியர் இன்சுலின் போட்டுவிட்டு சார்ட்டில் குறிக்காமல் விட்டாள். நோயாளியின் சொந்தக்காரர்கள் எதிரிலேயே கத்திவிட்டேன். அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டாள். “உங்க லீடர்ஷிப் சரியில்ல, அதான் பிள்ளைங்க நிக்கல. ஒரு மோட்டிவேஷன் கிளாஸ் எடுங்க” என்கிறது நிர்வாகம். நான் மோசமான இன்சார்ஜா? வேலையை விட்டுவிடலாமா?

— ஓர் இன்சார்ஜ் சிஸ்டர், கடலூர்

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

மோட்டிவேஷன் கிளாஸை ஒரு பக்கம் வையுங்கள். முதலில் கணக்குப் போடுவோம்.

ஒரு நாளைக்கு 3, 2, 2. ஆக 7 டியூட்டி, வாரத்துக்கு 49. ஒரு ஸ்டாஃப் ஒரு நாள் ஆஃப் போக வாரத்தில் 6 டியூட்டி பார்ப்பார். 7 பேருக்கு 42. மீதி 7 டியூட்டிக்கு உங்கள் வார்டில் ஆளே இல்லை. இதுகூட யாருக்கும் காய்ச்சல் வராது, யார் வீட்டிலும் கல்யாணம் காதுகுத்து கிடையாது, நைட் முடித்தவர்களுக்கு நைட் ஆஃப் வேண்டாம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்குதான். அப்படியும் வாரத்துக்கு 7 டியூட்டி இடிக்கிறது.

இந்த 7 உங்கள் நிர்வாகத்தின் கண்ணில் படவே படாது. டியூட்டி லிஸ்டை எடுத்துப் பார்த்தால் எல்லாக் கட்டத்திலும் பெயர் இருக்கும். அந்த 7 கட்டத்தில் பாதி உங்கள் பெயர், மீதி டபுள் பார்க்கும் இரண்டு மூன்று பிள்ளைகளின் பெயர். வார்டு ஓடுகிறது, மருந்து போகிறது, டிஸ்சார்ஜ் ஆகிறது. மேலே இருப்பவர்களுக்கு ஏழு பேரே போதும் என்றுதானே தோன்றும்? நீங்கள் நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள். ஆனால் ஆள் பற்றாக்குறையை யாருக்கும் தெரியாமல் மூடி வைத்திருப்பது உங்கள் டபுள் டியூட்டிதான். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான், கத்தியது இல்லை.

இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் அளவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒரு நர்ஸ், மற்ற இடங்களில் 5 படுக்கைக்கு ஒருவர். இதை ஷிஃப்டுக்கு என்று படிப்பதா, மொத்த ஆள் கணக்காகப் படிப்பதா என்று நிர்வாகம் வாதாடும். வாதாடட்டும். அதே அளவில் இன்னொரு வரி இருக்கிறது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை: விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதல் ஆள் இருக்க வேண்டும். உங்கள் லிஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 49 டியூட்டியை 6-ஆல் வகுத்தால் எட்டு சொச்சம், அதாவது 9 பேர். அதற்கு மேல் 30 சதவீதம் போட்டால் 12. நிர்வாகமே தீர்மானித்த 3, 2, 2 ஒழுங்காக ஓட 12 பேர் வேண்டும். முன்பு இருந்த 10 பேரே குறைச்சல்தான்.

ஆக, “லீடர்ஷிப் சரியில்லை” என்ற பேச்சுக்கு என் பதில் இது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை வைத்து லிண்டா எய்க்கன் குழுவினர் செய்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது, அந்த நர்ஸ் பர்ன்அவுட் ஆகும் (வேலை அழுத்தத்தில் வற்றிப்போகும்) வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். ஒரே ஒரு நோயாளி கூடினாலே இவ்வளவு. உங்கள் வார்டில் இரவில் ஒருத்திக்கு 15 பேர். கனடாவில் 2004-இல் வந்த இன்னொரு ஆய்வு வார்டு மேலாளர்களைப் பற்றியது. ஒருவரின் கீழ் ஆட்கள் அளவுக்கு மேல் போனால், அவர் எவ்வளவு நல்ல தலைவராக இருந்தாலும் அந்த நல்லதெல்லாம் எடுபடாமல் போகிறது என்று அது சொல்லியது. தலைமைப் பண்பு பெரிய விஷயம்தான். ஆனால் அது ஆளுக்குப் பதில் ஆகாது.

உங்கள் நிலைமைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலைப் புதுப்பித்தபோது பர்ன்அவுட்டை அதில் விரிவாக விளக்கியது. நோயாக இல்லை, சரிவரக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வருகிற நிலையாக. அதற்கு மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: உடம்பும் மனசும் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்போடு பார்ப்பது, நாம் செய்வது ஒன்றும் உருப்படியில்லை என்று தோன்றுவது. பெயர் போய் பெட் நம்பர் மட்டும் நிற்கிறதே, அது இரண்டாவது. “நான் மோசமான இன்சார்ஜா” என்ற கேள்வி மூன்றாவது. முதலாவதை நான் சொல்ல வேண்டியதில்லை, டபுள் டியூட்டியே சொல்கிறது.

அந்த இன்சுலின் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் பேச மாட்டேன். கோபத்துக்குக் காரணம் நியாயம். சார்ட்டில் குறிக்காத இன்சுலின் எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியும். அடுத்த ஷிஃப்டில் வருகிறவள் போடவில்லை என்று நினைத்து இன்னொரு டோஸ் போட்டால் சர்க்கரை எங்கே போய் நிற்கும்? ஆனால் கத்திய இடம் தப்பு. சொந்தக்காரர்கள் எதிரில் மானம் போன பெண்ணுக்கு இன்சுலின் ஞாபகம் இருக்காது, அந்த முகங்கள்தான் ஞாபகம் இருக்கும். பார்த்துக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகள் என்ன கற்றார்கள்? அடுத்த முறை தப்பு நடந்தால் சிஸ்டரிடம் சொல்லக் கூடாது என்று. அது இன்னும் ஆபத்து.

அன்றைக்கு அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேட்டிருக்கலாம்: ஊசி போட்டதற்கும் பேனா எடுப்பதற்கும் நடுவில் என்ன நடந்தது? நான் பந்தயம் கட்டுகிறேன், யாரோ கூப்பிட்டிருப்பார்கள். “சிஸ்டர், டிரிப் முடிஞ்சு போச்சு”, “சிஸ்டர், டாக்டர் எப்ப வருவார்”, இல்லையென்றால் பில்லிங்கிலிருந்து போன். ஆஸ்திரேலியாவில் மருந்து கொடுக்கும் நர்ஸ்களைக் கூடவே நின்று கவனித்து 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒவ்வொரு இடையூறுக்கும் மருந்துத் தவறுகள் சுமார் 12 சதவீதம் கூடின. அதனால் மருந்து ட்ராலி வெளியே வந்திருக்கும் நேரத்தில் போன் எடுப்பதும், சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வதும் வேறொருவர் வேலை என்று வையுங்கள். வேறு யாரும் இல்லையென்றால் அந்த அரை மணி நேரம் அது உங்கள் வேலை. இதற்கு மேலிடத்தின் அனுமதி தேவையில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் போட்டு மன்னிப்புக் கேளுங்கள். திரும்பக் கூப்பிடுவதற்காக வேண்டாம். மன்னிப்பு மட்டும்.

சரி, உங்கள் கையில் என்ன இருக்கிறது? சம்பளம் உங்கள் கையில் இல்லை. உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் கீழே உள்ள இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பல இடங்களில் அது காகிதத்தோடு நின்றுவிட்டது. அரசு வேலையும் எப்போதும் சொர்க்கமாக இருந்ததில்லை. தமிழ்நாட்டில் 2015-இல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி உள்ளே போனவர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தொடங்கி, 2017-இல் சென்னையில் டி.எம்.எஸ். என்ற மருத்துவத் துறை அலுவலக வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. ஆகவே பிள்ளைகள் ஜெர்மன் படிக்கப் போவதை உங்கள் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஜெர்மனிக்குப் போகும்வரை இங்கே ஒன்றரை வருஷம் இருப்பதா, ஆறு மாதத்தில் ஓடுவதா என்பதில் உங்களுக்குப் பங்கு உண்டு.

அந்தப் பங்கு முக்கால்வாசி டியூட்டி லிஸ்டில் இருக்கிறது. ஓர் இன்சார்ஜ் நல்லவரா கெட்டவரா என்று பிள்ளைகள் தீர்மானிப்பது அதைப் பார்த்துத்தான். உங்கள் கடைசி மூன்று மாத லிஸ்டை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேராக எத்தனை நைட், எத்தனை ஞாயிறு, தீபாவளி, பொங்கல், மாசி மகம் அன்று யார் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஹாஸ்டல் பிள்ளைகளின் பெயரில்தான் வந்து குவிந்திருக்கும். “அவ ஹாஸ்டல்லதானே இருக்கா, என்ன வேலை” என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். கல்யாணமானவளுக்கு மாமியார் இருக்கிறார், குழந்தை இருக்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த 22 வயதுப் பெண்ணுக்கும் வீட்டில் ஓர் அம்மா இருக்கிறார், பொங்கலுக்கு வா என்று கூப்பிடுகிறார். ஆறு மாதத்தில் கிளம்புகிறவள் யார் என்று பாருங்கள், இந்த ஹாஸ்டல் பிள்ளைதான்.

லிஸ்டை இரண்டு வாரம் முன்னாலேயே ஒட்டிவிடுங்கள். நாளைக்கு என்ன டியூட்டி என்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் தெரிந்துகொள்கிற பெண்ணுக்குச் சொந்த வாழ்க்கை என்று ஒன்றும் இருக்க முடியாது. ஆஃப் கேட்பதற்கு ஒரு நோட்டு வையுங்கள், முதலில் எழுதியவருக்கு முன்னுரிமை. மாற்ற வேண்டுமென்றால் இரண்டு பேரும் பேசிக் கையெழுத்துப் போடட்டும், நீங்கள் பென்சிலால் அழித்து எழுத வேண்டாம். ஷிஃப்ட் மாறும்போது காலை, மதியம், இரவு என்ற வரிசையில் மாறுவதை உடம்பு ஓரளவு தாங்கும், தலைகீழாக மாறினால் தூக்கம் கெடும். நைட்டுக்கு உங்கள் பெயரும் சுழற்சியில் வரட்டும், தப்பில்லை. ஆனால் யாரோ வராததற்காக வேண்டாம்.

அடுத்தது ஹேண்டோவர், அதாவது ஷிஃப்ட் மாறும்போது வார்டை ஒப்படைப்பது. காலை எட்டு மணிக்கு உங்கள் வார்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நைட் பார்த்தவள் கேஸ் ஷீட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு நிற்பாள். காலை ஸ்டாஃப் ஒருத்தி இன்னும் தவளக்குப்பம் டிராஃபிக்கில் பஸ்ஸில் இருப்பாள். அதற்குள் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிடுவார், எல்லோரும் அவர் பின்னால் ஓடுவார்கள். பிறகு ஊசி மருந்துக் கணக்கு, அப்புறம் பெட்ஷீட் கணக்கு. ஒரு பெட்ஷீட் குறைந்தால் 12 மணி நேரம் வேலை பார்த்தவள் ஒன்பதேகால் வரை லினன் அலமாரியைக் கிளறிக்கொண்டு நிற்பாள். என்னைக் கேட்டால் நைட் ஸ்டாஃப் பெட்ஷீட் எண்ணவே கூடாது. அதைப் பகலில் வார்டு ஆயாவோடு சேர்ந்து எண்ணட்டும். நோயாளிகளை ஹேண்டோவர் கொடுப்பதும் ஊசி மருந்து ஒப்படைப்பதும்தான் அவள் வேலை. எட்டேகாலுக்கு அவள் வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். ரவுண்ட்ஸை எட்டரைக்கு ஆரம்பிக்கச் சொல்லி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள், நாம்தான் கேட்பதில்லை.

இனி கஷ்டமான பகுதி. டபுள் டியூட்டியை எப்படி நிறுத்துவது? “நான் பார்க்காவிட்டால் நோயாளி என்ன ஆவார்” என்று உங்களுக்குத் தோன்றும். அந்த எண்ணத்தை நம்பித்தான் பல மருத்துவமனைகள் ஓடுகின்றன. திடீரென்று கைவிடச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் டபுள் பார்ப்பதில்லை, டபுளோடு நைட் சேர்ப்பதில்லை என்று முதலில் முடிவெடுங்கள், அதை என்.எஸ்.-இடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதன் பிறகு டியூட்டி லிஸ்டில் ஆள் இல்லாத கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். உங்கள் பெயரை எழுதி நிரப்பாதீர்கள். சிவப்பு மையில் ‘ஆள் தேவை’ என்று எழுதி, காப்பி ஒன்றை நர்சிங் ஆபீசுக்கு அனுப்புங்கள். காலி டியூட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் சூப்பர்வைசருக்குப் போன், கூடவே ஒரு வாட்ஸ்அப் செய்தி. வேறு வார்டிலிருந்து ஆள் தரட்டும், இல்லையா, நான்கு படுக்கைக்குப் புது அட்மிஷன் போட வேண்டாம் என்று அவர்கள் தீர்மானிக்கட்டும். அந்தத் தீர்மானம் அவர்கள் மேசையில் இருக்க வேண்டியது. இத்தனை நாளாக உங்கள் தோளில் இருந்தது.

மாதக் கடைசியில் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். புலம்பலாக இருக்கக் கூடாது, எண்ணாக இருக்க வேண்டும். இப்படி: “இந்த மாதம் வார்டுக்குத் தேவைப்பட்ட டியூட்டி 210. பணியில் உள்ளவர்கள் பார்த்தது இத்தனை. டபுள் டியூட்டியால் நிரப்பியது இத்தனை. காலியாக இருந்தது இத்தனை. இந்த மாதம் கீழே விழுந்த நோயாளிகள், படுக்கைப் புண், தாமதமான மருந்து இத்தனை. ராஜினாமா இத்தனை. விடுப்பு ஆட்களையும் சேர்த்து 12 பேர் வேண்டும் என்பது என் கணக்கு. பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.” கொடுத்த காப்பியில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். உங்கள் மருத்துவமனை என்.ஏ.பி.எச். (மருத்துவமனைத் தரச்சான்று வாரியம்) அங்கீகாரம் பெற்றது என்றால் வார்டுகளில் நர்ஸ்-நோயாளி விகிதம் அவர்கள் அளந்து வைக்க வேண்டிய கணக்குகளில் ஒன்று, ஆகவே உங்கள் பக்கத்தைச் சும்மா குப்பையில் போட முடியாது. மோட்டிவேஷன் கிளாஸ் எடுக்கச் சொன்னால், சரி சார், எடுக்கிறேன், அதற்கு ஒரு மணி நேரம் வார்டைப் பார்க்க இரண்டு ஆள் தாருங்கள் என்று கேளுங்கள்.

புயல் ராத்திரியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டிய நேரம் அது, ஊரே தண்ணீரில் நின்றது. யூனிஃபார்ம் கசங்கியதைப் பற்றிய அந்தக் கேள்வி வலிக்கத்தான் செய்யும். அந்த என்.எஸ்.-க்கு ஒரு வரி நன்றி சொல்லத் தெரியவில்லை. மே 12-ஆம் தேதி நர்ஸ்கள் தினத்தன்று கேக் வெட்டி செல்ஃபி எடுக்க மட்டும் பல இடங்களில் நன்றாகத் தெரிகிறது. ஆனால் அன்று ராத்திரி உங்களோடு வார்டில் இருந்த பிள்ளைகள் யார்? அவர்களுக்கு நீங்கள் ஏதாவது சொன்னீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். இப்போதுகூட எழுதலாம்: இன்னார் இன்னார் இத்தனை மணி நேரம் நின்றார்கள், அவர்களின் சர்வீஸ் ஃபைலில் சேர்க்கவும் என்று ஒரு குறிப்பு. உங்கள் கையெழுத்துப் போதும்.

உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். ரத்தக் குறைவை ‘வேலை அசதி’ என்று வருஷக்கணக்கில் சுமக்கும் சிஸ்டர்கள் ஏராளம். நைட் முடித்துவிட்டு ஸ்கூட்டியில் கடலூர் போகாதீர்கள். கிருமாம்பாக்கம் தாண்டி கன்னியக்கோயில் வரும்போது கண் சொக்கினால் என்ன ஆகும் என்று கேஷுவால்டியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ரூட்டில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை, உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போகலாம். ஆஃப் நாளிலும் தூக்கம் வரவில்லை, வீட்டில் எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால் அது பர்ன்அவுட்டைத் தாண்டிய விஷயம். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

வேலையை விடலாமா என்றால், இன்றைக்கு இருக்கிற களைப்பில் முடிவெடுக்காதீர்கள். சேர்ந்தாற்போல் ஒரு வாரம் லீவு எடுங்கள், லீவில் வார்டு வாட்ஸ்அப் குரூப்பை மியூட்டில் போடுங்கள். பிறகு மேலே சொன்னதை மூன்று மாதம் செய்து பாருங்கள். மூன்று பக்கம் கொடுத்தும் ஓர் ஆள்கூட வரவில்லை, பதிலுக்கு உங்கள் மேல்தான் மெமோ வந்தது என்றால், அந்த இடத்துக்கு நீங்கள் பட்ட கடன் ஒன்றும் இல்லை, தாராளமாகக் கிளம்புங்கள். வெளிநாடு என்றால் ஏஜென்ட்டிடம் பணம் கட்டுவதற்கு முன் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். உள்ளூரிலேயே வேறு இடம் என்றால், இன்டர்வியூவில் சம்பளம் கேட்பதற்கு முன்னால் வார்டில் இரவில் எத்தனை பேர், லீவுக்குத் தனி ஆள் உண்டா என்று கேளுங்கள். எங்கே போனாலும் ராஜினாமா கொடுக்கும் முன் உங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அனுபவச் சான்றிதழில் ‘வார்டு இன்சார்ஜ்’ என்று வருஷத்தோடு எழுதி வாங்குங்கள். வெறும் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று அடித்துக் கொடுத்துவிடுவது இங்கே சகஜம், பிறகு திருத்தித் தர மாட்டார்கள்.